கார் ஸ்டார்ட் ஆகாத காரணம்

தம்பி,

போனில் பேசினால் நீ இடையில் புகுந்து, "அம்மா, நான் சொல்றத கேளுங்க" என்பாய். நானும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சொல்ல வந்ததை விட்டுவிட்டு, சாப்பிட்டாயா என்று விசாரித்து வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற நிரோஷாவும் இதைப் படிக்கட்டும். அவள் வீட்டார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒளித்துச் செய்த காரியத்தைப் பற்றி ஒளித்து எழுத எனக்கு விருப்பமில்லை. கல்யாணத்தை வைத்துக்கொண்டு இப்போது ஏன் இது என்று நீ நினைப்பாய். கல்யாணத்துக்கு முன்னால் எழுதினால்தான் இதற்கு ஏதாவது பிரயோசனம் உண்டு.

நிரோஷாவுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். உன் அப்பா தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்தபோது, ஓய்வு பெற்று ஊரைவிட்டுப் போன பெரிய கிளாக்கரிடமிருந்து இந்த மொரிஸ் மைனரை வாங்கினார். வாங்கும்போதே அது கிழட்டுக் கார்தான். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், இறக்கத்தில் முனகும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான், பின்னேரங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு முன்னால் இருக்கிற மட்டத்தில் அதை ஓட்டிப் பழகினேன். அப்பா காலமான பிறகு, தோட்டத்து எல்லைக்கு வெளியே தெரணியகலைப் பாதையில் நாம் கட்டிய இந்தச் சின்ன வீட்டுக்குக் காரும் என்னோடு வந்தது. விற்றுவிடச் சொல்லாத ஆள் இல்லை. இப்போது தோட்டத்து வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் த்ரீவீலர் நிற்கிறது. எனக்குக் கார் தேவையா என்றால் தேவையில்லை. ஆனால் ஒருவரிடமும் சொல்லாமல், ஒருவருக்கும் காத்திருக்காமல், நினைத்த நேரத்தில் சேலையை மாற்றிக்கொண்டு புறப்பட்டு டவுனுக்குப் போய் வர முடிந்தது. அதற்காகத்தான் வைத்திருந்தேன். வேறு பெரிய காரணம் எதுவும் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன்.

போன மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்து வளைவில் கார் வழுக்கி, ஒரு பக்கச் சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது உனக்கு நினைவிருக்கும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மட்கார்ட் நசுங்கியது, அவ்வளவுதான். சேதி கேட்டு நீ கொழும்பிலிருந்து ஓடி வந்தாய். நசுங்கிய இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்தேன். "பரவால்ல அம்மா, தகரம்தானே" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனாய். எவ்வளவு பெரிய மனது என்று அன்றைக்கு நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துக் கார் ஒரு காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. அது நீ செய்தது இல்லை என்று எனக்குத் தெரியும். கிழட்டு வண்டி, அதுவாகத்தான் நின்றது. வழக்கம்போல டவுனில் கராஜ் வைத்திருக்கிற மெக்கானிக் சுனில் பாஸிடம் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்பா காலத்திலிருந்து நம் காரைப் பார்க்கிற மனுஷன். நம் வீட்டுத் தீபாவளிப் பலகாரம் அவர் வீட்டுக்குப் போகும், அவர்கள் வீட்டுச் சிங்களப் புத்தாண்டுக் கொக்கீஸ் நமக்கு வரும். என்னை அக்கே என்றுதான் கூப்பிடுவார். நான் போய்க் கேட்கும் போதெல்லாம், "பார்ட்ஸ் வர இல்ல அக்கே. கொழும்புல சொல்லி வச்சிருக்கு. ஹெட்ட பாப்போம்" என்பார். ஹெட்ட என்றால் நாளை. அந்த நாளை வரவே இல்லை. மழை முடிந்து வெயில் வந்தது. கார் கராஜின் மூலையில், டயர்களுக்கும் பழைய பேட்டரிகளுக்கும் பின்னால், படுதாவுக்குக் கீழே கிடந்தது. என்ன பார்ட்ஸ் என்று கேட்டால், "உள்ளுக்கு ஒரு சாமான்" என்பார். நான் கணக்குப் படிப்பித்தவள். பெயர் சொல்ல முடியாத சாமான் எப்படி வராமல் போகும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். சுனில் பாஸ் என்னிடம் பொய் சொல்வார் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

கடைசியில் தேயிலைக் கொழுந்து லொறிக்காரரிடம் கேட்டுக் கயிறு கட்டிக் காரை வீட்டுக்கே இழுத்து வந்தேன். சுனில் பாஸ் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "அக்கே, அதை நீங்க என்ன செய்யப் போறது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஆனால் என் வீட்டு ஷெட்டில் நின்றால், நிற்கிற காரையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தேன்.

அப்படித்தான் படிக்கத் தொடங்கினேன். கிளாக்கர் காரோடு சேர்த்துக் கொடுத்த புத்தகம் டாஷ்போர்டுத் தட்டில் கிடந்தது. எண்ணெய்க் கறை படிந்த இங்கிலீஷ் புத்தகம். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. அது விளங்காத இடத்தில், நீ வாங்கித் தந்த போனில் வீடியோ பார்த்தேன். எந்த நாட்டுக்காரரோ, நரைத்த தாடிக்காரர் ஒருவர், நம்முடையது போலவே ஒரு காரைத் திறந்து வைத்துக்கொண்டு வேகமாகப் பேசுவார். நான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். உர பேக்கை விரித்து முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவர் காட்டியதை நம் காரில் தேடுவேன். கடையில் வாங்கிய புது ஸ்பெனர் ஒன்றும் சரியாகப் பொருந்தவில்லை. இந்தக் காரின் நட்டுகள் பழைய அங்குலக் கணக்கில் செய்தவை என்று தெரிந்துகொள்வதற்குள் இரண்டு விரலின் தோல் போயிற்று.

ஆனால் தம்பி, அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, பெற்றோல் வரவில்லை. இல்லையென்றால், நெருப்புப் பொறி வரவில்லை. சாவியைப் போட்டுவிட்டுக் காது கொடுத்தால், பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று தட்டி, நிரம்பியதும் ஓயும். ஓய்ந்தால் பெற்றோல் வருகிறது. அதை அந்தப் பக்கம் வைத்துவிட்டுப் பொறியைத் தேடவேண்டும். பிளக் வயரைக் கழற்றி இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். முதல் நாள் பிடிக்கக் கூடாத இடத்தில் பிடித்து, முழங்கை வரைக்கும் அடித்தது. கொக்கியில் தொங்கிய சுளகு தலையில் விழுகிற அளவுக்குத் துள்ளினேன். அடித்ததே என்று சிரிப்பும் வந்தது, பொறி இருக்கிறது என்பதால். ஆனால் அந்தப் பொறி மெலிந்து மஞ்சளாக இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே பொயின்ட் என்று இரண்டு சின்ன உலோக முனைகள் உண்டு. அவை தொட்டுத் தொட்டுப் பிரியும்போதுதான் பொறி பிறக்கும். அவை கருகிப் போயிருந்தன. அப்படிக் கருகினால் பக்கத்திலிருக்கிற கண்டென்சர் பழுது என்று தாடிக்காரர் சொன்னார். விரல் நீளம்கூட இல்லாத சாமான். பஸ்ஸேறி அவிசாவளைக்குப் போய், பழைய பார்ட்ஸ் விற்கிற கடையில் கழற்றிய சாமானைக் காட்டினேன். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னாலிருந்த தட்டிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். கொழும்பிலேயே இல்லை என்ற சாமான்.

கருகிய முனைகளைத் தேய்த்து, புதுக் கண்டென்சரை மாட்டினேன்; அன்று பின்னேரம் கார் ஸ்டார்ட் ஆனது. ஷெட் முழுக்கப் புகை. எண்ணெய்க் கையோடு முதலில் உன்னைத்தான் கூப்பிட்டேன். "தம்பி, நானே செஞ்சிட்டேன்! சத்தம் கேக்குதா?" என்று போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்தேன். நீயோ, "பாஸ்கிட்ட இருந்து ஏன் அம்மா எடுத்தீங்க?" என்றாய். வேலையிடத்தில் ஏதோ தலைவலி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ வந்தது கல்யாணக் கார்டுகளோடு. நாம் இருவரும் மேசையில் உட்கார்ந்து, ஊர் வாரியாகக் கட்டுக் கட்டிச் செலோடேப் ஒட்டினோம். நல்ல நாள் அது. நீ நிரோஷாவின் அப்பாவைப் போல் பேசிக் காட்டி என்னைச் சிரிக்க வைத்தாய். மறுநாள் நீ கொழும்புக்குப் போனாய். அதற்கடுத்த நாள், பக்கத்து லயங்களுக்குக் கார்டு கொடுக்கப் புறப்பட்டால் கார் அசையவில்லை. எனக்குப் பயமில்லை, இப்போதுதான் எனக்குத் தெரியுமே. பம்ப் தட்டி ஓய்ந்தது. பொறி அறவே இல்லை. மூடியைக் கழற்றினேன். பொயின்ட் பளபளப்பாக இருந்தது. ஆனாலும் தேய்த்துப் பார்ப்போம் என்று மண்தாளை வைத்தபோது ஏதோ உரிந்து நகத்தில் ஒட்டிக்கொண்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செலோடேப். பொயின்டின் அளவுக்கு அழகாக வெட்டி, ஒரு முனையில் ஒட்டியிருந்தது.

கார் தானாகப் பழுதாகும். தானாகச் செலோடேப் ஒட்டிக்கொள்ளாது. வீட்டில் நீயும் நானும் மட்டும்தான் இருந்தோம்.

டேப்பை எடுத்ததும் எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. ஷெட்டிலிருந்து பின்னால் எடுத்து, வாசல் படலை வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு மேல் முடியவில்லை. நம் படலையிலிருந்து பாதை எவ்வளவு சரிவு என்று உனக்குத் தெரியும். இறங்கினேன். காலடித் தரைவிரிப்பைத் தூக்கி, பிரேக் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். சக்கரங்களின் உள்பக்கம் கைவிட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவினேன். நட்டு ஒவ்வொன்றையும் ஸ்பெனர் போட்டு இழுத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. நீ பிரேக்கில் கை வைக்கவில்லை. வைக்க மாட்டாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பார்த்தேன். பெற்ற பிள்ளை வந்து போன பிறகு, அம்மா பிரேக்கைத் தடவிப் பார்க்கிறாள். நீ எடுத்துக்கொண்டு போனது அந்த நம்பிக்கையைத்தான் தம்பி. கார் கிடக்கட்டும். அன்று கார்டு கொடுக்கப் போகவில்லை. காரின் படியில் உட்கார்ந்து, மழை தூறும் வரைக்கும் அழுதேன்.

உன்னிடம் கேட்கவில்லை. சுத்தம் பண்ண நினைத்து ஏதாவது மாறிச் செய்திருப்பாயோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த தடவை நீ வந்தபோது, நான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். குசினி ஜன்னலால் பார்த்தால் பொனட் திறந்திருக்கிறது, நீ குனிந்து நிற்கிறாய். "என்ன தம்பி பாக்குறீங்க?" என்று சத்தம் போட்டேன். "சும்மா அம்மா. அப்பா ஞாபகம் வந்திச்சு" என்றாய். அப்பாவின் பெயரை அதற்கு இழுத்தாயே, அதை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை. நீ குளிக்கப் போனபோது போய்ப் பார்த்தேன். பொறிக்கு மின்சாரம் தருகிற கொயிலிலிருந்து போகிற மெல்லிய வயரைக் கழற்றி, அதன் உறையை மட்டும் மேலே தள்ளி, மாட்டியிருப்பது போலவே வைத்திருந்தாய். சரியாக மாட்டினேன். உனக்கு வடையும் டீயும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் நடந்ததை நீ நிரோஷாவிடம் சொல்லியிருக்க மாட்டாய். நீ பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "அம்மா, த்ரீவீலர் சொல்லிட்டேன். கார் எப்படியும் ஸ்டார்ட் ஆகாது" என்றாய். அதுவரைக்கும் நம்மில் ஒருவரும் சாவியைப் போட்டுப் பார்க்கவில்லை. நான் போய் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். ஒரே தடவையில் எடுத்தது. உன் முகத்தை நான் பார்த்தேன். சின்ன வயதில் மார்க் சீட்டைக் கொண்டுவரும்போதுகூட நீ அப்படி நின்றதில்லை. "ஏறுங்க தம்பி" என்றேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நீ பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தாய். நானும் பாதையைப் பார்த்துத்தான் ஓட்டினேன். இப்போது சொல்வான், பாலம் தாண்டினதும் சொல்வான், டவுன் வந்ததும் சொல்வான் என்று இருந்தேன். "போய்ட்டு வர்றேன் அம்மா" என்றாய். பஸ்ஸில் ஏறி, என்னைப் பார்க்க முடியாத அந்தப் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தாய்.

திரும்பும் வழியில் சுனில் பாஸின் கராஜுக்கு முன்னால் நிறுத்தினேன். எஞ்சினை ஓட விட்டபடியே, "என்ன பழுதுன்னு இப்ப சொல்லுங்க பாஸ்" என்றேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்டென்சர் அக்கே. முதல் நாளே தெரியும்."

"அப்ப ஏன் செய்யல?"

"தம்பி கோல் எடுத்து சொன்னது. அம்மா ஓட்டினா எங்கயாவது விழுந்து செத்துப் போவாங்க, கார் செய்ய வேணாம், அப்படியே வச்சுக்கங்க பாஸ்னு. மகன் சொல்றப்ப நான் என்ன செய்ய? உங்க நல்லதுக்குத்தானே அக்கே."

"நான்தானே பாஸ் காரைத் தந்தேன். நீங்க எனக்குத்தானே பதில் சொல்லணும்?"

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் அவர் வீட்டுக்கு இனிப் பலகாரம் போகாது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். போன கிழமை நிரோஷா கூப்பிட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. "அத்தை, மேல் ரூமுக்கு என்ன கலர் அடிக்கிறதுன்னு அப்பா கேக்கச் சொன்னாங்க. கார் இல்லாம அங்க தனியா இருக்க முடியாது, வீட்டைப் பூட்டிட்டு எங்க வத்தளை வீட்டுக்கே வந்துர்றேன்னு நீங்களே சொன்னீங்களாமே" என்றாள். நான் சொல்லாத சொல்லை என் வாயில் வைத்து, அதற்கு ஒரு ரூமும் பார்த்து, கலர் வரைக்கும் போய்விட்டிருக்கிறாய். காரை நிறுத்தினால் நான் தானாக நின்றுவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். மகளே, பிறகு சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிப் போனை வைத்தேன். நிரோஷா, இதுதான் அந்தப் பதில். நான் வத்தளைக்கு வருவதாகச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவின் அன்புக்கு நன்றி. அந்த ரூமுக்கு உனக்குப் பிடித்த கலரை அடித்துக்கொள்.

தம்பி, உனக்கு என் மேல் பயமும் பாசமும் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தக் கானுக்குள் நான் கிடந்ததாகக் கனவுகூடக் கண்டிருப்பாய். ஆனால் உன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கத் தொடங்கியபோது என்ன நடந்தது என்று நீ பார்த்தவன். ஏ எல் சோதனைக்கு நீ படித்துக்கொண்டிருந்த அதே மேசையில், உனக்கு முன்னால்தான் அவரிடம் சொன்னேன். "இனிமே நீங்க ஓட்டக் கூடாதுங்க. எனக்குப் பயமா இருக்கு." அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, ருசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவார். அது எனக்குப் பெரிய தண்டனை. பிறகு ஒரு நாள் அவராகவே சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "நீ ஓட்டு, நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். நான் அவருடைய வயரைக் கழற்றியிருந்தால் அவர் ஒரு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

நாளைக்கு நிரோஷா ஏதாவது செய்யப் போவாள், உனக்கு அது பிடிக்காது, அல்லது பயமாக இருக்கும். அவளிடம் சொல். அவள் கோபித்துக்கொள்ளட்டும், அழட்டும், எதிர்த்துப் பேசட்டும். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய நல்லதைச் செய்யாதே. செய்தால் ஒரு நாள் அவள் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்த பிறகு, நீ செய்கிற உண்மையான நல்லதையும் மூடியைக் கழற்றித்தான் பார்ப்பாள்.

என் கண்ணில் புகை படிகிற மாதிரி இருப்பதை நானே கவனித்திருக்கிறேன். இரத்தினபுரிக்குக் கண் காட்டப் போக நாள் வாங்கியிருக்கிறேன். மழையிலும் பொழுது சாய்ந்த பிறகும் ஓட்டுவதை நானாகவே நிறுத்திவிட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது. நீ கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு வருவேன், அதில் சந்தேகம் வேண்டாம். தாய் நிற்கவேண்டிய இடத்தில் நிற்பேன். அதற்கு முன்னால் ஒரு நாள் நீ தனியாக வா. மன்னிப்பெல்லாம் வேண்டாம். "அம்மா, நீங்க கார் ஓட்டுறது எனக்குப் பயமா இருக்கு" என்ற ஒரு வாக்கியத்தை என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. அதற்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா மாதிரித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாலும் போவேன்.

நேற்று டவுனில் ஹாட்வெயார் கடைக்குப் போய் ஷெட்டுக்கு ஒரு பூட்டு வாங்கினேன். இத்தனை காலமும் அந்தக் கதவுக்குப் பூட்டு இருந்ததில்லை. கடைக்காரர் பெரிய பூட்டாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டே, "என்னங்க டீச்சர், அந்தப் பக்கம் களவு கிளவு போகுதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மகன் வர்றாரு" என்றேன்.

"ஆ, கல்யாண மாப்பிள்ளையா! நல்லதுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டு பூட்டைத் தாளில் சுற்றித் தந்தார். நானும் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா